டிராக்டர் கிளட்ச்: பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

ஓசூர், ஆனேக்கல் பக்கம் நிலம் இருப்பவர்கள் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு வந்து கிளட்ச் பிளேட் மட்டும் கேட்பார்கள். கிளட்சை எட்ட வண்டியை இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி என இரண்டாகப் பிரிப்பதுதான் பெரிய வேலை. பிரித்த கையோடு ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விலக்குவது), பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்குவது), கிராங்க் பின்பக்க ஆயில் சீல் (இன்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுப்பது) மூன்றையும் மாற்றிவிடுங்கள். சீல் கசிந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெய் குடித்து வழுக்கும், கூலி தண்டம்.

வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால், முன்சக்கர ஆக்சிலின் இருபுறமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். அந்த ஆக்சில் நடுவில் உள்ள பின் (pin) ஒன்றின் மேல் ஆடுவது. ஆப்பு இல்லாவிட்டால் இன்ஜின் ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஃப்ளைவீலில் (பிளேட் அழுந்தும் இன்ஜின் பக்கக் கனச் சக்கரம்) நீலம் பாய்ந்த திட்டோ மயிரிழை வெடிப்போ தெரிந்தால் முகத்தைச் சீவ லேத்துக்கு அனுப்புங்கள். வெடிப்பு ஆழமென்றால் வேறு ஃப்ளைவீல்தான். சீல் செய்த ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவவே கூடாது, உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துவிடும் (பட்டறைப் பையன்கள் கேட்க மாட்டார்கள்!). மாட்டும்போது பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்தப் பழைய இன்புட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ் தண்டு) ஒன்றே போதும்.