கல்லூரி ரையும் ஒன்பது அடுப்பும்

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில், செவ்வாய் பின்னேரங்களில் குவில்ற் தைக்கிற பெண்கள் கொஞ்சப்பேர் கூடுவோம். மேலே ஒட்டுத்துணிகளைப் பொருத்திய துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோடவேணும். ஊரில் நான் பள்ளிப்படிப்புப் படித்த கல்லூரியின் தையல் அறையில் நாங்கள் பட்ட அதே பாடுதான். எங்கள் ரீச்சர் அடிமட்டத்தைத் தையலோடு வைத்துப் பார்ப்பா. ஒன்று நீண்டிருந்தாலும், "பிரிச்சுப்போட்டுத் திருப்பித் தையும் பிள்ளை." எட்டாம் ஆண்டில் நான் தைத்ததைவிடப் பிரித்ததுதான் கூட.

தைத்து முடித்தவர் அதை மேசையில் விரித்துக் கதை சொல்லவேணும் என்பது எங்கள் வழக்கம். ஓய்வுபெற்ற தாதி ஒருவர், இறந்துபோன கணவரின் சேர்ட்டுகளில் தைத்திருந்தா. பொத்தான் ஓட்டைகளைக்கூட அப்படியே விட்டிருந்தா. லிவர்பூலில் பிறந்த கிழவி ஒருவர் கொண்டுவந்தது அவ தைத்ததே இல்லை. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வீடிழந்தவர்களுக்கென்று கனடாப் பெண்கள் இலட்சக்கணக்கில் தைத்து அனுப்பியவற்றில் ஒன்று. மூலையில் கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னத் துணிச்சீட்டு. தைத்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் ஒரு கரையில் தையல் நெருக்கம், மறுகரையில் ஐதாக, நடுவில் கோணல். குறைந்தது மூன்று கைகளாவது இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்தது. நான் தைத்தது மரக்குடில் கோலம்: நடுவில் சிறு சதுரம், சுற்றிவர நீளத் துண்டுகள். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது வழக்கம். அது வீட்டின் அடுப்பாம். என்னுடைய அடுப்பு சிவப்பில்லை. போரால் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தபோது என் புத்தகப்பையில் அம்மாவின் இரண்டு சேலையும் காணி உறுதியும்தான் இருந்தன. பக்க அறைக்குள் எவரும் கவனிக்காமல் கல்லூரி ரையும் (கழுத்துப்பட்டியும்) வந்துவிட்டது.

அதில் கத்தரிக்கோல் வைக்க எனக்கு மூன்று கிழமை சென்றது. வெட்டியபிறகு வேறு கரைச்சல். ரைத் துணியை மூலைவாட்டில் வெட்டித்தான் தைப்பார்கள். பிரித்துச் சதுரமாக்கினால் இழுபட்டுச் சரியும். பின்பக்கம் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணி வைத்து அயன் பண்ணித்தான் அடக்கினேன். ஒன்பது சதுரம் தேறியது. சுற்றிவர அம்மாவின் சேலை.

விரித்துக் காட்டியபோது ஒரு கட்டத்தில் மூலை பொருந்தவில்லை. "விடு, ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள், கடவுள் மட்டும்தான் பிழையற்றவர்" என்றா தாதி. ஆமிஷ் என்பது பழைய முறையில் வாழுகிற ஒரு கிறிஸ்தவச் சமூகம். அழகான கதை. குவில்ற் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதைக் கட்டுக்கதை என்கிறார்கள். எங்கள் ரீச்சர் என்ன சொல்லியிருப்பா என்று உங்களுக்கு நான் சொல்லத்தேவையில்லை.

அன்றிரவே பிரித்தேன்.