ஓடிபி சொல்லுமுன் பையை எண்ணுங்க

மலிவு விலைக் கடையின் ஆப்பில் அவ்வப்போது சோப்பு, பிஸ்கட் ஆர்டர் போடுவேன். மாதச் சாமான் மொத்தத்தையும் நம்பிப் போட்டது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் பில் போடும் வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போகிறது, அதற்குப் பயந்துதான்.

வியாழன் இரவு ஆர்டர், பத்து நிமிஷ வேலை. வெள்ளிக்கிழமை வர வேண்டியது சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. வந்தது என்றால், திண்டல் முருகன் கோயில் அடிவாரத்துக்கு. "மேப்புல இங்கதானுங்க்கா காட்டுது" என்றார் அந்தத் தம்பி. எங்கள் வீடு மேட்டுக்கடைப் பக்கம். கதவு எண், தெரு எல்லாம் எழுதியிருந்தேன். அதை யாரும் படிப்பதில்லை போல. மேப்பில் அந்தச் சிவப்புப் புள்ளியை உங்கள் வீட்டுக் கூரை மேலேயே நகர்த்தி வைத்துவிடுங்கள்.

ஒருவழியாக வந்தார். வண்டியைக்கூட அணைக்கவில்லை. "ஓடிபி சொல்லுங்க்கா, இன்னும் பதினோரு வீடு இருக்குது." வெயிலில் நிற்கிறாரே என்று சொல்லிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம். அத்தை அடுப்பங்கரையிலிருந்து, "ஏங்கண்ணு, பருப்பு எங்க வெச்சே?" என்றார். பைகளைக் கொட்டிப் பார்த்தால் துவரம்பருப்பு இல்லை, கடலெண்ணெய் மூணு லிட்டர் இல்லை, புளியும் இல்லை. பில்லில் மட்டும் எல்லாம் இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் பருப்பு வாங்கித்தான் அன்றைக்குச் சமையல்.

புகார் சொல்லப் போனால் முதலில் பதில் சொல்வது இயந்திரம். அரை மணி நேரம் கழித்து வந்த பெண், "ஓடிபி கொடுத்து வாங்கிட்டீங்களே மேடம், டெலிவரி ஆனதாத்தான் காட்டுது" என்றார். பையைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று வேறு கேட்டார். மளிகைப் பையைப் பிரிக்க வீடியோ எடுக்க, இது என்ன கல்யாண வீடா?

ஞாயிறு சாயங்காலம் அந்தப் பைகளைக் குப்பையில் போட மடித்தபோதுதான் ஒட்டியிருந்த சீட்டைக் கவனித்தேன். ஆர்டர் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் 1/4. அடுத்ததில் 2/4. அதற்கடுத்தது 4/4. மூன்றாவது பையே வீட்டுக்கு வரவில்லை! மூன்றையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பணம் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

திங்கட்கிழமை காலையிலேயே குரல் மாறிவிட்டது. அந்தப் பை குடோனிலேயே தங்கிவிட்டதாம். இதிலும் ஒரு சூட்சுமம்: கேட்காவிட்டால் பணத்தை அவர்கள் ஆப்பின் வாலட்டில் போட்டுவிடுகிறார்கள், அங்கேயேதான் செலவழிக்க முடியும். வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எனக்குப் புதன்கிழமை 918 ரூபாய் வந்தது.

சர்க்கரை ஸ்டாக் இல்லை என்று அவர்களே எடுத்துவிட்டு, இலவச டெலிவரிக்கான தொகை குறைந்துவிட்டது என்று போட்ட டெலிவரி கட்டணம் 49 ரூபாய் மட்டும் இன்னும் வந்தபாடில்லை. அதையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.