ஏணி தொடங்கும் இடத்தில் திரும்பியவர்கள்

உலகின் மூன்றாவது பெரிய தீவான போர்னியோவை மலேசியா, இந்தோனேசியா, புருணை ஆகிய மூன்று நாடுகள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. அதன் வடபகுதியிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களுக்கு வரும் சாகசப் பயணக் குழுக்களை ஒருங்கிணைப்பதுதான் சில ஆண்டுகளாக என் பிழைப்பு. தீபகற்ப மலேசியாவின் பேராக்கில் பிறந்த மலேசியக் குடிமகனாக இருந்தும், சபாவில் வேலை பார்க்க எனக்குத் தனி வேலை அனுமதி தேவைப்படுகிறது. 1963இல் மலேசியா உருவானபோது இவ்விரு மாநிலங்களும் குடிநுழைவு அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. நான் வெளியிலிருந்து வந்தவன் என்பதை அவ்வப்போது நினைவூட்டும் அந்தத் தாள், இந்தக் காட்டைப் பற்றி அடித்துப் பேசுவதிலிருந்து என்னைத் தடுத்து வைக்கிறது.

காட்டுக்குள் நடப்பதைவிட, புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் இவ்வேலையில் கடினம். கிள்ளானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ அழைப்பவர்கள், பெரும்பாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ஒராங்ஊத்தானைப் பார்க்க முடியுமா? சபாவின் கினபாத்தாங்கான் ஆற்றில் படகில் போனால் வாய்ப்பு அதிகம் என்று சொல்வேன். 560 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில், சுகாவ் கிராமத்தை ஒட்டி, மாலை வேளையில் நீள்மூக்குக் குரங்குகள் கரையோர மரங்களில் கூட்டமாக வந்து அமர்வதை ஓரளவு நம்பிச் சொல்லலாம். ஆனால் அங்கே விலங்குகள் எளிதில் கண்ணில் படுவதற்குக் காட்டின் வளம் மட்டும் காரணமன்று. இருபுறமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்கள் நெருக்கியதால், அவை ஆற்றங்கரையில் எஞ்சிய ஒடுங்கிய காட்டுக்குள் ஒதுங்கியிருக்கின்றன. மாறாக, 438 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பாலும் கோடாரி படாத காடாக நிற்கும் டானும் பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் பலர், ஒன்றையும் பார்க்கவில்லை என்ற குறையோடு திரும்புகிறார்கள். 100 மீட்டரைத் தாண்டிய மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று அளக்கப்பட்ட இடம் அது. அந்த உயரத்து இலைகளுக்குள் இருக்கும் குரங்கு தரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? இதை விளக்கிச் சொன்னால் விற்பனை குறையும் என்பார் எங்கள் அலுவலகத்தில் ஒருவர். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்டது சரவாக்கின் மூலுவில்.

குனோங் மூலு தேசியப் பூங்காவுக்குச் சாலை கிடையாது; பெரும்பாலும் மிரியிலிருந்து சிறு விமானத்தில்தான் போகிறார்கள். அங்கே குனோங் அப்பி மலையின் சரிவில், 45 மீட்டர் உயரம் வரை கத்திமுனைகளாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைக் கூட்டத்தைப் பார்ப்பதற்காகத்தான் பலர் வருகிறார்கள். மெலினாவ் ஆற்றில் நீள்படகில் ஏறி, நீர் குறைந்த இடங்களில் இறங்கித் தள்ளி, குவாலா லித்துட் சேர்ந்து, பிறகு 8.8 கிலோமீட்டர் நடந்தால் ஐந்தாம் முகாம் எனப்படும் தங்குமிடம் வரும். அங்கே அடுப்பும் பாத்திரமும் உண்டு. சாமான்களை நாம்தான் சுமந்து போகவேண்டும். சைவக் குழுக்களுக்கு இது வசதி, புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் எந்த மழைக்கும் கெடாது.

மறுநாள் விடியலில் தொடங்கும் ஏற்றம் 2.4 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் ஏறவேண்டிய உயரம் 1,200 மீட்டர். கடைசிப் பகுதியில் பாறையோடு பொருத்திய ஏணிகளும் கயிறுகளும் வருகின்றன. அந்த ஏணிகள் தொடங்கும் இடத்தைக் குறித்த நேரத்துக்குள் எட்டாதவர்களை வழிகாட்டி திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு முறை, கிள்ளானிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் குழுவின் கடைசியில் என்னோடு வந்தார். தினமும் பூங்காவில் நடப்பவர், மூச்சும் நன்றாகவே இருந்தது; ஆனால் ஈர வேர்களின் மேல் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்ததில் நேரம் கரைந்துவிட்டது. முதல் ஏணியின் கீழே உட்கார்ந்திருந்த பெராவான் இன வழிகாட்டி, கைக்கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, "சாம்பாய் சினி சாஜா, பாக்சிக்" என்றார். இதுவரைதான், மாமா.

பெரியவர் என்னைப் பார்த்தார். "தம்பி, மேல் முனை தெரிகிறது. இவ்வளவு காசு கட்டி வந்தது இங்கிருந்து திரும்பவா? நீ கொஞ்சம் சொல்லிப் பாரப்பா."

"ஐயா, ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். அவர் அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வழியில் விட்டுவந்த தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நாங்கள் இறங்கினோம். பாதித் தூரத்தில் மழை பிடித்தது. அதன்பிறகு கையை ஊன்றாமல் ஓரடிகூட வைக்க முடியவில்லை. இலை நுனிகளில் எழுந்து நின்று நெளிந்த வரிப்புலி அட்டைகளைத் தட்டிவிடக்கூட எங்களுக்குக் கை ஒழியவில்லை.

ஊர் திரும்பியபின் அவர் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு எழுதினார். அந்தக் கோரிக்கை நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கையேட்டின் அட்டையில் அந்தப் பாறைமுனைகளின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, நேரக் கட்டுப்பாட்டை உள்ளே பொடி எழுத்தில் வைத்திருக்கும் நிறுவனம் அவரைக் குறைசொல்லவும் முடியாது.

இதில் அதிகம் இழப்பவர் வழிகாட்டி. திருப்பி அனுப்பப்பட்ட விருந்தினர் அவருக்கு அன்பளிப்புக் கொடுப்பது அரிது. அப்படியிருந்தும் அவர் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டுகிறார். சபாவிலும் இதே நிலைதான். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியில்லை. கனமழையால் உச்சிப் பாதை மூடப்பட்டால், பனாலாபானில் 3,272 மீட்டர் உயரத்தில் இரவு தங்கியவர்கள் அங்கிருந்தே இறங்கவேண்டியதுதான். 2015 ஜூன் 5 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அந்த மலையில் 18 பேர் இறந்தனர். இறந்தவர்களில் அம்மலையின் டூசுன் இன வழிகாட்டிகளும் உண்டு. அதை அறிந்த ஒருவர், மூடிய கதவின் முன் நின்று வழிகாட்டியோடு வாதாடமாட்டார் என்று நான் எதிர்பார்த்ததுண்டு. வாதாடுகிறார்கள்.

இப்போது நான் தயாரிக்கும் பயணத் திட்டங்களில் நேரக் கட்டுப்பாடு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. வழிகாட்டிக்கான அன்பளிப்பைக் கட்டணத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறோம். உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் அது அவரிடம் போய்ச் சேரும். ஆற்றில் வெள்ளம் வந்து படகு நின்றாலோ விமானம் தள்ளிப்போனாலோ சமாளிக்க, மூலு பயணத்தில் ஒரு நாளை வெறுமையாக விடுகிறோம். இதனால் எங்கள் விலை மற்றவர்களைவிடக் கூடிவிட்டது. அந்த வெறும் நாளைக் கழித்துவிட்டுக் குறைத்துத் தர முடியுமா என்றுதான் பலர் கேட்கிறார்கள். முடியாது என்கிறேன், சிலர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள்.