கூழஞ்சக்கைக்கு ஒரு பல்சக்கரம்

பொறியியல் முடித்த என் அக்காள் மகன் ஒரு 3டி பிரிண்டர் வாங்கினான். வாங்கியது அவன், அது குடியேறியது தக்கலைக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டு மாடி அறையில். இரவெல்லாம் அது முனகுவதை அக்காள் பொறுத்துக்கொள்ளமாட்டாளாம். மருமக்கள்வழி நடந்த காலத்தில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் சொத்தே தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் போனது. இப்போது ஒரு மாடி அறையோடு தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இயந்திரம் செய்வது எளிய வேலைதான். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் இழையை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, ஊசிமுனை போன்ற துளை வழியாக 0.2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு படலம் போடும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் என்பவர் தன் மகளுக்குத் தவளைப் பொம்மை செய்ய, சூடான பசையைப் பிதுக்கும் துப்பாக்கியோடு அடுக்களையில் உட்கார்ந்தபோது பிறந்த யோசனை என்பார்கள். 1989-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது 2009-ல் காலாவதியானது. அதற்குப் பிறகுதான் இந்த வகை இயந்திரங்களின் விலை சரிந்தது. தவளை தாவித் தாவி எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்த கதை இவ்வளவுதான்.

முதலில் வந்தது சித்தப்பாவின் ஆசை. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை மேசைமேல் வேண்டும் என்றார். பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக 133 அடி என்பதால் மருமகன் அதை அப்படியே 133 மில்லிமீட்டராக்கிவிட்டான். கணக்கு அழகாக இருந்தது, விரல்கள்தாம் தொல்லை. அந்தரத்தில் நீட்டி நிற்கும் உறுப்புக்குக் கீழே முட்டுக்கொடுத்து அச்சடித்து, பிறகு அந்த முட்டுகளை மட்டும் ஒடித்தெடுக்க வேண்டும். ஒடித்தபோது அறம், பொருள், இன்பம் என்று காட்டும் மூன்று விரல்களில் ஒன்றும் கூடவே வந்துவிட்டது. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பரவாயில்லை மக்களே, என் வயதுக்கு அறமும் பொருளும் போதும்” என்று வாங்கிக்கொண்டு போனார். சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள், எதுவும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டாவுக்கு இத்தகைய விளையாட்டெல்லாம் பிடிக்காது. அவருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. பாலை உறைய வைத்து, கையால் சுற்றும் ரோலரில் கொடுத்து ஷீட்டாக்குவார். அந்தப் பழைய ரோலரில் ஒரு வார்ப்பிரும்புப் பல்சக்கரம் பல் உடைந்துபோயிருந்தது. புதியது கடைகளில் இல்லை. பாட்டா உடைந்ததை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “இதை அடித்துத் தா” என்றார்.

மருமகன் பொறுமையாக விளக்கினான். முதலில் பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரி செய்து, தண்டில் உட்காருகிறதா, பக்கத்துச் சக்கரத்தோடு பல் பொருந்துகிறதா என்று பார்ப்போம். சரியாக இருந்தால் அதையே அச்சாக வைத்து இரும்பில் வார்க்கக் கொடுக்கலாம் என்றான். பாட்டா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று பொருள். இது தெருவில் எல்லாருக்கும் தெரியும், மருமகனைத் தவிர.

அது ஆனிச் சாரல் நேரம். நம் ஊர்க் காற்றில் பிளாஸ்டிக் இழை ஈரம் குடித்துவிடும். உருகும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பட் பட்டென்று வெடித்து, மாதிரி முழுவதும் மெல்லிய நார் தொங்கும். “உலர்த்த வேண்டும், 45 அல்லது 50 டிகிரி சூடு போதும்” என்று மருமகன் முணுமுணுத்தது பாட்டாவின் காதில் விழுந்துவிட்டது. தேவையானது அவர் காதில் விழாது, இது விழுந்தது. ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் அறை அவரிடம் இருக்கிறதே! இழைச் சுருளைத் தூக்கிப்போய், நீர் சொட்டும் ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு கம்பில் தொங்கவிட்டார். மறுநாள் காலை அது முன்பைவிட ஈரமாக, மஞ்சள் பூத்து, புகைநாற்றத்துடன் திரும்பி வந்தது. மருமகன் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு சுருளைப் பிரிண்டரின் சூடான தட்டிலேயே வைத்து, அட்டைப்பெட்டியால் மூடி உலர்த்தினான்.

மாதிரிச் சக்கரம் தண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. பற்கள் பொருந்தின. மருமகன் படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடிய இடைவெளியில் பாட்டா ரோலருக்குள் ஒரு ஷீட்டைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினார். டப் டப் டப்பென்று ஒவ்வொரு பல்லாகத் தெறித்தது. ஒன்று கோழிக்கூட்டுக்குள் போய் விழுந்தது. “நீ செய்தது உறுதி போதாது மக்களே” என்று பாட்டா தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

இன்னொன்று அச்சடித்து, நாகர்கோவில் பக்கத்து வார்ப்புப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். அங்கே இருந்த மூத்த மேஸ்திரி அதை விரலால் ஒரு முறை தடவினார். மணலில் பதித்து உருவினால் இந்தப் படலக் கோடுகள் மணலைப் பிடித்து இழுக்கும், பட்டி பூசித் தேய்க்க வேண்டும் என்றார். பக்கச்சுவர்கள் செங்குத்தாக இருக்கக் கூடாது. லேசான சரிவு இருந்தால்தான் மணலில் பதிந்த குழி இடியாமல் அச்சு வெளியே வரும் என்றார். பிறகு ஒரு பழைய எஃகு ஸ்கேலை எடுத்து அளந்து, உதட்டைப் பிதுக்கினார்.

மருமகனுக்கு ரோஷம். தன் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தான். ஓரடிக்கு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்! “மேஸ்திரி, உங்கள் ஸ்கேல் தப்பு” என்றான், வெற்றி பெற்ற குரலில்.

“தப்பாக இருக்கிறது என்றுதானே காசு கொடுத்து வாங்கினேன்” என்றார் அவர்.

உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காகவே அச்சு செய்கிறவர்கள் அந்த அளவுக்கு நீட்டிக் கோடு போட்ட ஸ்கேலை வைத்திருக்கிறார்கள். நம் ஆள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை துல்லியமாக அளந்து செய்த சக்கரம், இரும்பாகும்போது சின்னதாகிப்போயிருக்கும். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த ஸ்கேல்மேல் அப்போதே ஒரு மோகம் வந்துவிட்டது. கேட்டிருந்தால் மேஸ்திரி கொடுத்திருக்கவும் மாட்டார்.

அளவை நூற்றியொரு சதவீதமாக்கி, சரிவு கொடுத்து, நடுத்துளையைக் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்ள வசதியாகச் சிறிதாக்கி மறுபடி அச்சடித்தான். தேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வார்த்து, கடைந்து, மாட்டியதும் ரோலர் ஓடியது. பாட்டா நாலு ஷீட் அடித்துப் பார்த்துவிட்டு, வார்ப்புக்கும் கடைசலுக்கும் முகம் சுளிக்காமல் பணம் எண்ணிக் கொடுத்தார். மருமகனிடம், “உன்னுடையது பிளாஸ்டிக்தானே” என்று ஒரு பெரிய சக்கையை, அதாவது பலாப்பழத்தை, தூக்கிக் கொடுத்தார்.

வெட்டிப் பார்த்தால் கூழன்! பலாவில் வருக்கை என்றால் சுளை மொறுமொறுப்பாக இருக்கும். கூழன் கையில் வழுக்கும், தொண்டையிலும் வழுக்கும். பாட்டாவின் முற்றத்தில் இரண்டு மரமும் நிற்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மறுவாரம் தெருக்கோடியிலிருந்து ஒருவர் இன்னொரு பல்சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். மருமகன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “உங்கள் வீட்டில் நிற்பது வருக்கையா, கூழனா?” என்றான்.