மாருதி 800-க்கு டர்போ

குன்னூர் ஏற்றத்தில் நான்கு பேருடன் இரண்டாம் கியரில் திணறும் என் மாருதி 800-க்கு டர்போ பொருத்த வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 650 கிலோ எடை. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. வெளியேறும் புகையாலேயே சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி மலைக்காரர்களுக்கு வரம் அல்லவா!

இன்று மெக்கானிக் அண்ணன் கழற்றிய ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் இடையே அழுத்தம் கசியாமல் அடைக்கும் தகட்டை, என் கையில் வைத்தார். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருகி, நகம் பட்டதும் உதிர்ந்தது.

“இப்போதே இப்படி, தம்பி. அழுத்தம் கூடினால் எரிபொருள் நேரம் தப்பித் தானே வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டன் உருகும். ஊட்டியிலிருந்து இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவிடுவாய், இறங்கும்போது? முதலில் பிரேக்கைப் பார்.”

பிரேக் வேலைக்கு வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். ஆசையை விடவில்லை.