வால்பாறை ஏற்றத்தில் இழுக்காமல் போன டீசல் வண்டி: ஐந்து ஞாயிறு வேலை

வண்டி 2011 மாடல். 1248 சிசி, நான்கு சிலிண்டர், காமன் ரெயில் டர்போ டீசல். இதுவரை ஓடியது 1,62,000 கிலோமீட்டர். அப்பா வாங்கியது, அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். பதினைந்து வருஷம் முடிவதால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்குள் இதை முழு பலத்தோடு ஓட வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

பொங்கல் முடிந்து அக்கா குடும்பத்தோடு பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போனபோதுதான் கோளாறு கண்ணில் பட்டது. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவிலேயே இரண்டாவது கியரில் வண்டி ஏற மறுத்தது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் இன்ஜின் சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்க, முதல் கியருக்கு இறக்கித்தான் வளைவு ஏறினேன். கண்ணாடியில் பார்த்தால் லேசாகக் கறுப்புப் புகை. இன்ஜின் விளக்கு எரியவில்லை.

சமதளத்தில் 80-ல் போகும்போது இது தெரியவே இல்லை. பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, என் காலும் அதற்கேற்பக் கூடுதலாக அழுத்தப் பழகிவிட்டது.

ஊர் திரும்பியதும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு தடவை ரேஸ் பண்ணிக் கேட்டுவிட்டு, "டர்போ போயிருச்சுங்ண்ணா, மாத்திரலாம்" என்றார். 38,000 ரூபாய் சொன்னார். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றி, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்பும் விசிறி. அவர் சொன்னது தப்பாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் டர்போதான் என்று எதை வைத்து முடிவு செய்தார் என்பது எனக்குப் புரியவில்லை. அதை நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு

முதலில் டர்போவுக்குச் சம்பந்தமில்லாதவற்றைக் கழித்தேன். கிளட்ச் நழுவினால் ஆர்.பி.எம். முள் ஏறும், வேகம் ஏறாது. நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது திடீரென்று மிதித்துப் பார்த்தேன், முள் தனியாகத் தாவவில்லை. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நான்கு வீல் பக்கமும் கையை வைத்துப் பார்த்தேன். எந்த பிரேக்கும் பிடித்துக்கொண்டு சூடாகவில்லை.

டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்து, புது ஃபில்டர் போட்டேன். ஏர் ஃபில்டர் தென்னந்தோப்புப் புழுதியில் பழுப்பாக இருந்தது, அதையும் மாற்றினேன். இழுவையில் மாற்றம் இல்லை.

அப்புறம் டர்போ. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் கம்ப்ரஸர் சக்கரம் தெரியும். இன்ஜின் முழுக்க ஆறியபின் விரலால் சுற்றினேன், தடையில்லாமல் சுற்றியது. தண்டை மேலும் கீழும் அசைத்தால் மிக லேசான ஆட்டம். அது ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங், கொஞ்சம் ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இல்லை. இதழ்கள் கூட்டில் உரசிய தடமும் இல்லை. டர்போ அளவுக்கு மேல் அமுக்காமல் புகையைத் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். அதை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குக் கொஞ்சம் காற்று கொடுத்துப் பார்த்தேன். கம்பி சிக்காமல் நகர்ந்து, காற்றை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. அன்றைக்கே எனக்கு டர்போ மேல் பாதி சந்தேகம் போய்விட்டது.

இரண்டாவது ஞாயிறு

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஈ.எல்.எம். 327 புளூடூத் அடாப்டர் ஒன்று என்னிடம் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு பேச இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் வழியாகப் பார்க்கலாம். பழைய வண்டிகளில் எல்லா அளவும் வராது. என் வண்டியில் தேவையானவை வந்தன. ஒரே நேரத்தில் பத்து அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் தாமதமாக வரும் என்பதால் நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஆர்.பி.எம்., ரெயில் அழுத்தம் (எல்லா சிலிண்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்), மேப் சென்சார், மாஃப் சென்சார்.

மேப் என்பது டர்போவைத் தாண்டி இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம். மாஃப் என்பது ஏர் ஃபில்டரைத் தாண்டி ஒரு நொடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே வருகிறது என்பது. மேப் காட்டுவது முழு அழுத்தம், அதில் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்தே இருக்கும். அதனால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் சுமார் 101 கிலோ பாஸ்கல், பொள்ளாச்சி அதைவிட உயரம் என்பதால் 98 அளவில் இருக்க வேண்டும். 98 காட்டியது. சரி, சென்சாரை நம்பலாம்.

காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து இல்லாத நேராக ஏறும் சாலை. அக்கா பையன் பக்கத்து சீட்டில் போனோடு. நான் சாலையை மட்டும்தான் பார்த்தேன். மூன்றாவது கியர், 1500 ஆர்.பி.எம்.மில் தொடங்கி 3500 வரை முழு மிதி. மூன்று தடவை.

ரெயில் அழுத்தம் மிதித்த உடனே ஏறி, கடைசிவரை விழாமல் நின்றது. டீசல் பற்றாக்குறை என்றால் இங்கே தொங்கியிருக்கும். பம்ப் பக்கம் போக வேண்டியதில்லை.

மேப், 2500 ஆர்.பி.எம்.மில் 130. அதாவது வெளிக்காற்றைவிட 32 மட்டுமே கூடுதல். இந்த மாதிரி இன்ஜினில் முழு மிதியில் 200 தாண்ட வேண்டும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் டர்போ போச்சு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதே நொடியில் மாஃப் 47 கிராம் காட்டியது. அதைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கணக்குப் போட்டேன்.

இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.248 லிட்டர் காற்றை இழுக்கும். 2500 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 26 லிட்டர். 130 கிலோ பாஸ்கல் அழுத்தத்தில், 47 டிகிரி சூட்டில், ஒரு லிட்டர் காற்று சுமார் 1.4 கிராம். பெருக்கினால் 36 கிராம் சொச்சம். சிலிண்டர் எப்போதும் முழுக்க நிரம்பாது, நூற்றுக்கு 88 என்று வைத்தால் 32 கிராம்.

இன்ஜினால் விழுங்க முடிந்தது 32. ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே வந்தது 47. மீதி 15 கிராம் எங்கே?

அக்கா பையன்தான் சொன்னான்: "மாமா, அப்ப டர்போ அமுக்குதுங்க. அமுக்குன காத்து நடுவுல எங்கயோ வெளிய போயிருது."

அதேதான். டர்போ சுற்றாமல் இருந்தால் மேப், மாஃப் இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும். இங்கே ஒன்று குறைவு, இன்னொன்று அதற்குப் பொருந்தாத அளவு அதிகம். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கோ ஓட்டை. கறுப்புப் புகைக்கும் காரணம் கிடைத்தது. 47 கிராம் காற்று வந்திருக்கிறது என்று நம்பி இசியு, அதாவது இன்ஜினின் கணினி, டீசலை ஊற்றுகிறது, சிலிண்டருக்குப் போனதோ 32.

மூன்றாவது ஞாயிறு

ஓட்டையைக் கண்ணால் தேடி ஒரு மணி நேரம் வீணானது. மேலே தெரியும் ஹோஸ் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதனால் அழுத்தம் கொடுத்துப் பார்க்க ஒரு சாதனம் செய்தேன். ஹார்டுவேர் கடையில் ஒரு பிவிசி எண்ட் கேப், பஞ்சர் கடையில் ஒரு டியூப்லெஸ் டயர் வால்வு. கேப்பில் ஓட்டை போட்டு வால்வைப் பொருத்தி, டர்போவின் வாய்க்குப் போகும் ரப்பர் குழாயில் செருகி கிளாம்ப் போட்டேன். இன்ஜினிலிருந்து ஆயில் ஆவியைக் கொண்டுவந்து அந்தக் குழாயில் சேர்க்கும் பிரீதர் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டேன். இல்லாவிட்டால் காற்று இன்ஜின் ஆயில் சேம்பருக்குள் போய் சீல்களைத் தள்ளும்.

10 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றவில்லை. இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த அளவைத் தாண்ட வேண்டாம், கேப் பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும்.

காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஓட விட்டதுமே கீழே முன் பம்பர் பக்கம் புஸ் என்று சத்தம். சோப்புத் தண்ணீரை ஊற்றினால், டர்போவிலிருந்து, அமுங்கிச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு இறங்கும் ஹோஸின் அடிப்பக்கம் நுரை பொங்கியது. கழற்றிக் கையில் எடுத்தபோதும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையாலும் மடக்கியபோதுதான் கிளாம்ப் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. சும்மா இருக்கும்போது மூடிக்கொள்கிறது, அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கிறது. பிரீதர் வழியாக வரும் ஆயில் பிசுக்கு அந்த வளைவில் தேங்கி, ரப்பரைப் பல வருஷமாக ஊற வைத்திருக்கிறது.

புது ஹோஸ் கோவையிலிருந்து வர ஐந்து நாள் ஆனது. இன்டர்கூலரையும் இறக்கி, உள்ளே தேங்கியிருந்த ஆயிலை வடித்தேன். கிளாம்ப் இரண்டும் புதிது.

நான்காவது ஞாயிறு

அதே சாலை, அதே கியர். மேப் 185. வண்டி முதுகைத் தள்ளியது, அக்கா பையன் கத்தியே விட்டான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 200 வரவில்லையே என்ற நெருடல் போகவில்லை.

மறுபடி கணக்கு. 185-க்கு, 57 டிகிரி சூட்டில், இன்ஜின் விழுங்க வேண்டியது சுமார் 45 கிராம். மாஃப் காட்டியதோ 38. இப்போது தலைகீழ். இன்ஜினுக்குள் ஏதோ போகிறது, ஆனால் அது ஏர் ஃபில்டர் வழியாக வரவில்லை. மாஃப் சென்சார் அழுக்கானாலும் குறைத்துக் காட்டும் என்பதால், முதலில் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால், கம்பியைத் தொடாமல் சுத்தம் செய்தேன். ஒரு கிராம்கூட மாறவில்லை. மீதி இருப்பது இஜிஆர் வால்வு. புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு, எரியும் சூட்டைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. முழு மிதியில் அது மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் காற்று இருக்க வேண்டிய இடத்தில் புகை நிற்கும். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகையும் அந்த வழியாகத் தப்பிவிடும்.

வால்வைக் கழற்றினேன். கரியும் ஆயிலும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது, வால்வின் இருக்கையில் ஒரு கரித்துண்டு சிக்கியிருந்தது. மின் இணைப்புப் பக்கம் நனையாமல் கார்பரேட்டர் கிளீனர் அடித்து, மரக்குச்சியால் சுரண்டி, புது கேஸ்கெட் வைத்துப் பூட்டினேன். இந்த இடத்தில் தகடு வைத்து வால்வை அடைத்துவிடச் சொல்வோர் நிறையப் பேர். நான் அடைக்கவில்லை. நம் வண்டி கக்குவதை நம் தெருக் குழந்தைகள்தான் சுவாசிக்கிறார்கள், சுத்தம் செய்ய எனக்கு ஆனது ஒரு மதியம்.

மாலையில் ஓட்டியபோது மேப் 205, மாஃப் 49. கணக்குப்படியும் 49 சொச்சம்தான் வந்தது.

ஐந்தாவது ஞாயிறு

மறுபடி ஆழியாறு, அதே ஐந்து பேர். முதன்முறை முதல் கியருக்கு இறங்கிய வளைவை இரண்டாவதில் ஏறினேன். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தி, கீழே அணையைப் பார்த்தபடி டீ குடித்தோம். பானட்டைத் திறந்து புது ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன், கிளாம்ப் ஓரம் காய்ந்திருந்தது. மேலே வால்பாறையில் சாவியை மட்டும் திருப்பினால் மேப் 89 காட்டியது. வெளிக்காற்று அவ்வளவு மெலிந்திருந்தும், கடைசி ஏற்றத்தில் முழு மிதியில் 200-ஐத் தொட்டது.

ஆக மொத்தம் ஃபில்டர்கள், ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட், ஸ்பிரே எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது. பிரீதரிலிருந்து ஆயில் எவ்வளவு வருகிறது என்று தெரிய, ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்டர்கூலர் ஹோஸை மறுபடி கழற்றிப் பார்க்கப்போகிறேன்.