மாநிலக் கட்சித் தலைவர் தேர்தல்: பைலா முதல் பி படிவம் வரை

2022 ஜூலையில் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடைத்தேர்தல் நடந்தபோது அ.தி.மு.க.வினர் இரட்டை இலை இல்லாமல் சுயேச்சைகளாக நின்றார்கள். சின்னத்தை அப்போது யாரும் முடக்கியிருக்கவில்லை. இவர்தான் எங்கள் வேட்பாளர், இவருக்குச் சின்னம் தாருங்கள் என்று கட்சி தேர்தல் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் ஏ, பி படிவங்களில் ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில் விழவில்லை. மாநிலக் கட்சித் தலைவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வோம். கூட்டணிப் பேச்சு, பிரசாரம், மாவட்டச் செயலாளர்களைச் சமாளிப்பது என்று ஆயிரம் வேலை இருந்தாலும், தேர்தல் சட்டம் அவரைத் தேடி வருவது கையெழுத்துக்காக. அந்தக் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி எழும்போது, அவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற பழைய காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். கட்சி அலுவலகங்களில் அந்தக் காகிதங்களைத் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். இதே வேலையை இனி பார்க்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

பைலாவில், அதாவது கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில், தொடங்குங்கள். அலுவலகத்தில் இருக்கும் அச்சுப் புத்தகத்தை நம்ப வேண்டாம். கடைசியாகத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பிய திருத்தப்பட்ட பிரதியை எடுத்து இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். பொதுக்குழு கைதட்டி ஏற்ற திருத்தம் டெல்லிக்குப் போகாமல் கிடப்பதும், போன திருத்தம் இங்கே அச்சில் ஏறாமல் இருப்பதும் சகஜம். தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, பதவிக்காலம் எத்தனை ஆண்டு, கூட்டத்தை அழைக்கும் உரிமை யாருக்கு, எத்தனை நாள் நோட்டீஸ், பாதியில் பதவி காலியானால் பொறுப்பு யாரிடம் போகும்: இவற்றுக்கான விதி எண்களைத் தனித் தாளில் குறித்து மேஜையில் ஒட்டிவையுங்கள். வழக்கு வந்தால் அந்தத் தாளைத்தான் வக்கீல் முதலில் கேட்பார்.

தேர்ந்தெடுக்கும் முறை கட்சிக்குக் கட்சி மாறும். தி.மு.க.வில் தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் மூவரையும் பொதுக்குழு தேர்ந்தெடுக்கிறது. 2018 ஆகஸ்ட் 28இலும் 2022 அக்டோபர் 9இலும் மு.க. ஸ்டாலின் அப்படித்தான் போட்டியின்றித் தேர்வானார். மார்க்சிஸ்ட் கட்சியில் மாநில மாநாடு மாநிலக் குழுவைத் தேர்ந்தெடுக்கும், மாநிலக் குழு செயலாளரைத் தேர்ந்தெடுக்கும். 2025 ஜனவரியில் விழுப்புரம் மாநாட்டில் பெ. சண்முகம் வந்தது அந்த வழியில். பா.ஜ.க.வில் கிளை, மண்டல், மாவட்டம் என்று ஏறி வந்து மாநிலத் தலைவருக்கு மனு வாங்குவார்கள். பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், மனு போடுபவர் பத்தாண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நயினார் நாகேந்திரன் ஒருவரின் மனு மட்டுமே வந்தது. அவர் 2017இல்தான் கட்சியில் சேர்ந்தவர் என்பதால் பத்தாண்டு விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. விதியைத் தளர்த்துவது கட்சியின் விருப்பம். ஆனால் தளர்த்தியது யார், எந்த அதிகாரத்தில், எந்தத் தேதியில் என்ற உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழித் தளர்வைப் பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது.

காங்கிரஸில் மாநிலத் தலைவரை டெல்லி நியமிக்கிறது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1940இல் ராஜாஜி ஆதரித்த சி.பி. சுப்பையாவை எதிர்த்து நின்ற காமராஜர் 103க்கு 100 என்ற ஓட்டுக்கணக்கில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் பிடித்த அந்த நாற்காலியிலிருந்துதான் பிரகாசம், ஓமந்தூரார், குமாரசாமி ராஜா என்று சென்னை மாகாண முதல்வர்கள் வருவதையும் போவதையும் அவர் தீர்மானித்தார். உண்மையான போட்டியில் ஓட்டு வாங்கி வந்த தலைவருக்கு மாவட்டங்களில் கிடைக்கும் மரியாதை, அறிவிப்புக் கடிதத்தில் வந்தவருக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

நேரம் அதிகம் பிடிக்கும் வேலை வாக்காளர் பட்டியல். பொதுக்குழு ஓட்டுப் போடுவதானால் பொதுக்குழு உறுப்பினர் பட்டியல், அடிப்படை உறுப்பினர் ஓட்டுப் போடுவதானால் உறுப்பினர் பதிவேடு. பதிவேட்டில் இறந்தவர்கள் இருப்பார்கள், வேறு கட்சிக்குப் போனவர்கள் இருப்பார்கள், ஒரே ஆள் இரண்டு கிளையில் இருப்பார். நீக்கப்பட்டவர் பெயரை அடித்துவிட்டு, நீக்கல் கடிதத்தின் தேதியும் எண்ணும் பக்கத்தில் எழுதாமல் விடுவதுதான் பெரிய தொல்லை. யாரை எப்போது நீக்கினோம் என்று காட்ட முடியாவிட்டால், அவர் நீதிமன்றத்தில் வந்து நின்று தன் ஓட்டு எங்கே என்று கேட்பார். பட்டியலை மாவட்டவாரியாக அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் மாவட்டச் செயலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஆட்சேபத்துக்கு நாள் கொடுத்து, பிறகு மூடுங்கள். மூடிய பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்கக் கூடாது, கேட்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

அடுத்து நோட்டீஸ். அ.தி.மு.க. வழக்கைப் படித்தால் நோட்டீஸின் எடை புரியும். 2022 ஜூன் 23 பொதுக்குழு மேடையிலேயே, அடுத்த பொதுக்குழு ஜூலை 11 என்று அவைத்தலைவர் அறிவித்தார். அறிவிக்க அவருக்கு உரிமை உண்டா, ஒருங்கிணைப்பாளர்கள் இருவரும் சேர்ந்து அழைக்காத கூட்டம் செல்லுமா, 15 நாள் நோட்டீஸ் முறையாகப் போனதா என்று சண்டை தொடங்கியது. ஜூலை 11 காலை ஒன்பது மணிக்கு உயர் நீதிமன்றம் தடை மறுத்த பிறகே வானகரத்தில் கூட்டம் நடந்தது. ஆகஸ்ட் 17இல் தனி நீதிபதி அந்தக் கூட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். செப்டம்பர் 2இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 பிப்ரவரி 23இல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. ஏழு மாதத்துக்கு மேல் ஒரு பெரிய கட்சியே தலைமை யாரென்று தெரியாமல் நின்றது. அதனால் நோட்டீஸில் கூட்டத்தை அழைப்பவரின் பெயர், பதவி, அவருக்கு உரிமை தரும் விதி எண் மூன்றும் இருக்கட்டும். பொருள் நிரலில் ‘தலைவர் தேர்தல்’ என்று தெளிவாக அச்சாகட்டும். ‘மற்றும் இதர விஷயங்கள்’ என்பதற்குள் தலைவர் தேர்தலை நுழைக்க முயன்றால் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது. ஸ்பீட் போஸ்ட் ரசீதுகளைப் பட்டியல் வரிசைப்படி ஒட்டிவையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது கூடுதலாக இருக்கலாம், தபாலுக்குப் பதிலாக இருக்கக் கூடாது.

மனுத்தாக்கலுக்குத் தகுதி விதி வைத்திருந்தால், அதை வேட்பாளர் காகிதத்தால் நிரூபிக்க வேண்டும். அ.தி.மு.க.வில் பொதுச்செயலாளர் பதவிக்குப் பத்தாண்டு அடிப்படை உறுப்பினர், ஐந்தாண்டு தலைமைக் கழகப் பொறுப்பு, பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிதல், பத்துப் பேர் வழிமொழிதல் என்று 2022 ஜூலையில் விதி வந்தது. 2023 மார்ச் 17இல் அறிவிப்பு, 18, 19 தேதிகளில் மனுத்தாக்கல், 26இல் வாக்குப்பதிவு என்று அட்டவணை. கட்டணம் 25,000 ரூபாய். மனுத்தாக்கலுக்கு இரண்டே நாள், அதுவும் சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையே அவசர வழக்காக எடுத்த உயர் நீதிமன்றம், நடைமுறை தொடரலாம், முடிவை அறிவிக்கக் கூடாது என்றது. 28ஆம் தேதி தேர்தலை எதிர்த்த வழக்கு மனுக்கள் தள்ளுபடியான பிறகே பழனிசாமி பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார். இவ்வளவு இறுக்கமான அட்டவணை வழக்கை அழைத்துவரும். நாள்களைத் தாராளமாகக் கொடுங்கள். போட்டியே வராது என்று தெரிந்தாலும் கொடுங்கள். போட்டியின்றித் தேர்வு என்பது சட்டப்படி முழுமையான தேர்வுதான், ஆனால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு இருந்தது என்று காட்ட முடிய வேண்டும்.

முடிவு அறிவித்த அன்றே மினிட்ஸ் புத்தகத்தை முடித்துவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கையும் தீர்மானத்தில் எழுதும் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். வந்தவர் 1,900, ஆதரித்தவர் 2,000 என்று இரண்டு தாளும் முரண்பட்டால் எதிர்த்தரப்புக்கு வேறு ஆதாரமே தேவையில்லை. பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போட்ட, தைத்த புத்தகமாக இருக்கட்டும். மூலப் பிரதி ஒரே கட்டடத்தில் இருப்பதும் ஆபத்து. 2022 ஜூலை 11 மோதலுக்குப் பிறகு ராயப்பேட்டை தலைமைக் கழகத்துக்கு வருவாய்த் துறையினர் சீல் வைத்தார்கள். அதன் சாவியை வாங்கவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஸ்கேன் பிரதி இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருக்கட்டும்.

பிறகு தேர்தல் ஆணையம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29ஏ(9)இன்படி நிர்வாகிகள் மாறினால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ், வாக்காளர் பட்டியல், தீர்மானம், புதிய நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் சேர்த்து அனுப்பி, ஏற்றுக்கொண்டதற்கான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அ.தி.மு.க.வுக்கு அந்தப் பதில் 2023 ஏப்ரல் 20இல்தான் வந்தது. பதவிக்கால முடிவை நாள்காட்டியில் சிவப்பு மையில் குறியுங்கள். பா.ம.க.வில் 2025இல் வந்த தகராறில், 2022 மே 28இல் தேர்வான அன்புமணியின் மூன்றாண்டு முடிந்துவிட்டதா இல்லையா என்பதே முதல் கேள்வியாக இருந்தது. ‘வாழ்நாள் தலைவர்’ என்று தீர்மானம் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸில் அந்தப் பேச்சு எழுந்தபோது, நிரந்தரப் பதவி என்பது ஜனநாயகத்துக்கு எதிரானது என்று 2022 செப்டம்பரில் ஆணையம் எழுதியது.

இனி ஏ, பி படிவங்கள். 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் உத்தரவு, பத்தி 13 இதற்கு ஆதாரம். பி படிவத்தில் கையெழுத்திட யாருக்கு அதிகாரம் என்று ஏ படிவம் சொல்லும். அதில் அவருடைய மாதிரிக் கையெழுத்து மூன்று முறை இருக்க வேண்டும். எந்த வேட்பாளர் என்று பி படிவம் சொல்லும். மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் ஏ படிவம் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும், பி படிவம் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் போய்ச் சேர வேண்டும். மையால் போட்ட கையெழுத்து மட்டுமே செல்லும். ரப்பர் ஸ்டாம்ப், அச்சுக் கையெழுத்து, ஃபேக்ஸ், ஜெராக்ஸ் எதுவும் செல்லாது. 234 தொகுதியிலும் நிற்கும் கட்சிக்கு ஏ படிவம் 235, பி படிவம் 234 மூலப் பிரதிகள் வேண்டும். தலைவர் பிரசாரத்துக்குக் கிளம்பும் முன்பே அவரை உட்காரவைத்து ஏ படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று மாதிரிக் கையெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள், நூறாவது தாளுக்குப் பிறகு எவருக்கும் கை தடுமாறும். கூடுதலாகச் சில பிரதிகளும் வாங்கிப் பூட்டிவையுங்கள்.

பி படிவத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வேட்பாளர் கட்சி உறுப்பினர், அவர் பெயர் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறது என்று தலைவர் அதில் உறுதி கூறுகிறார். நேற்றுச் சேர்ந்தவருக்கு இன்று சீட் என்றால் பதிவேட்டில் முதலில் பெயர் ஏற வேண்டும். இன்னொன்று வேட்பாளர் மாற்றம். முதலில் அனுப்பிய பி படிவத்தை ரத்து செய்கிறோம் என்று புதிய படிவத்தில் தெளிவாக எழுதாவிட்டால், இருவரில் யார் மனு முதலில் வந்ததோ அவரே கட்சி வேட்பாளர் ஆகிவிடுவார். கடைசி நேரத்தில் ஆள் மாற்றும்போது கட்சிகள் வழுக்கி விழுவது இந்த ஒரு வரியில்தான்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். படிவம் வந்து சேராவிட்டால் ஒருவர் முன்மொழிந்த மனு அப்படியே தள்ளுபடியாகும், அவரால் சுயேச்சையாகக்கூட நிற்க முடியாது. ஒருவர் நான்கு மனுக்கள்வரை தரலாம் என்பதால், தலைமையில் தகராறு இருக்கும் காலத்தில் ஒரு மனுவையாவது அதே தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு போட்டுவையுங்கள்.